தண்டவாளம் போட்டாச்சு, உரம் ஏன் இன்னும் லாரில வருது?

நீங்க கேட்டது சுருக்கமா இதுதான். மலாவில பிளான்டயர்ல ஒரு கம்பெனில வேலை பாக்கறீங்க, மொசாம்பிக்ல பெய்ரா துறைமுகத்துல இறங்கற உரத்தை லாரில கொண்டு வர்றீங்க, வாடகையே முதுகை ஒடிக்குது. இப்ப மலாவி எல்லைல இருக்கற மார்காலருந்து பங்குலா வரைக்கும் பழைய ரயில் பாதைய திரும்பப் போடறாங்கன்னு கேள்விப்பட்டு, இது ஓட ஆரம்பிச்சா வாடகை பாதியாகுமா, அடுத்த சீசனுக்கு ரயிலை நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. ஆனா கடைசி வரில "பாலமும் தண்டவாளமும் சரியாயிட்டா அப்புறம் என்னங்க தடை"ன்னு ஒன்னு போட்டிருக்கீங்க பாருங்க, உங்க நிஜக் கேள்வி அதுதான். அதுக்கு பதில் சொன்னா மத்ததுக்கும் சேத்து பதில் வந்துடும்.

நான் பாதைப் பராமரிப்புல இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல குப்பை கொட்டினவன், அதுல சில வருஷம் ஆப்பிரிக்கால தெற்குப் பக்கம் ஒரு பாதைய மீட்கற வேலைல இருந்தேன். ஜல்லி, ஸ்லீப்பர் (தண்டவாளத்துக்கு அடில போடற கட்டை), பாலம், வேகன் இதெல்லாம் கைப்பட பார்த்தது, அதுல அடிச்சு சொல்வேன். சுங்கம், ஒப்பந்தம், வாடகை நிர்ணயம் இதெல்லாம் பக்கத்துல நின்னு பார்த்து தெரிஞ்சுகிட்டது, அந்த இடம் வரும்போது கொஞ்சம் குறைச்சே எடுத்துக்கோங்க.

முதல்ல இந்தப் பாதையோட கதை, ஏன்னா அதுக்குள்ளயே பாதி பதில் இருக்கு. பெய்ராலருந்து வடக்க வந்து ஜாம்பேசி ஆத்தை டோனா அனா பாலத்துல தாண்டி, முத்தராராவுக்கு வந்து, அங்கருந்து ஒரு கிளை விலா நோவா டா ஃபிரான்டேரா வழியா மலாவிக்குள்ள மார்கால நுழைஞ்சு, இன்சாஞ்சே, பங்குலா, அப்புறம் ஷிரே ஆத்தைத் தாண்டி லிம்பே, பிளான்டயர்னு போகும். சேனா பாதைன்னு சொல்றது இதைத்தான். பாலம் 1930-கள்ல கட்டினது, மூணரை கிமீக்கு மேல நீளம். மொசாம்பிக் உள்நாட்டுப் போர்ல, 1980-கள்ல, பாலத்தை வெடி வச்சு உடைச்சாங்க, பாதை செத்துப் போச்சு. கிழக்க மொசாம்பிக்கோட இன்னொரு துறைமுகமான நகாலாவுக்கு 1970ல திறந்த இன்னொரு பாதையும் அதே போர்ல அடிபட்டுச்சு, அதனால மலாவியோட சரக்கு டர்பனுக்கும் தார் எஸ் சலாமுக்கும் சுத்திப் போக வேண்டியதாச்சு. போர் 1992ல முடிஞ்சப்புறம் டோனா அனாவை அமெரிக்க உதவில ரோட்டுப் பாலமா மாத்தி லாரி விட்டாங்க. 2009ல அதே ஆத்து மேல காயாவுல புது ரோட்டுப் பாலம் வந்துச்சு, அதை ஒட்டி டோனா அனா திரும்ப ரயிலுக்கே வந்துச்சு.

இப்ப கவனிங்க. அந்தப் பாலத்தையும் சேனா பாதையையும் இவ்வளவு செலவு பண்ணி மீட்டது யாருக்காக? மொசாம்பிக்குக்குள்ளயே இருக்கற மொவாட்டிஸே சுரங்க நிலக்கரிக்காக. 2011ல நிலக்கரி வண்டி ஓட ஆரம்பிச்சாச்சு. ஆனா முத்தராராலருந்து மலாவி எல்லைக்கு பிரியுது பாருங்க, நாப்பது கிமீ சொச்சம்தான், அந்தக் கிளை அதுக்கப்புறமும் பத்து வருஷத்துக்கு மேல புல்லு மண்டிக் கிடந்துச்சு. மூணரை கிமீ பாலத்தை சரி பண்ண முடிஞ்சவங்களுக்கு சமதரைல நாப்பது கிமீ போட முடியாதா என்ன? அந்த நாப்பது கிமீயால மொசாம்பிக்குக்கு பெருசா ஒன்னும் வரப்போறதில்ல, ஆதாயம் மலாவிக்கு. ஆனா மண்ணு மொசாம்பிக்கோடது. கடல் இல்லாத நாட்டோட பாதைல பெரும் பகுதி அடுத்தவன் நிலத்துல இருக்கு, அவனுக்கு எது தேவையோ அதுதான் முதல்ல சரியாகும். அவங்களை குத்தம் சொல்லல, அவங்க காசு, அவங்க கணக்கு.

சட்டம் இல்லாமலும் இல்ல. 1982 கடல் சட்ட உடன்படிக்கைல 125ஆம் பிரிவு, கடல் இல்லாத நாட்டுக்கு பக்கத்து நாடு வழியா கடலுக்குப் போக வர உரிமை உண்டுன்னு சொல்லுது. ஆனா அதே பிரிவு, எப்படிப் போறது என்ன நிபந்தனைங்கறதை ரெண்டு நாடும் பேசி முடிவு பண்ணிக்கணும்னும் சொல்லிடுது. உரிமை இருக்குங்கறதுக்காக எந்த நாடும் ஜல்லி கொட்டித் தராது.

சரி, பாதைய மீட்கறதுன்னா என்னன்னு கொஞ்சம் சொல்றேன். பேப்பர்ல தண்டவாளம் படம்தான் போடுவாங்க, ஆனா வருஷக்கணக்கா கிடந்த பாதைல தண்டவாளம் பெரும்பாலும் தப்பிச்சிருக்கும். போறது கட்டையும் தண்ணி வழியும்தான். மரக்கட்டைய சுத்தியலால தட்டினாலே தெரியும், நல்ல கட்டை 'டங்'னு கையத் திருப்பி அடிக்கும், செத்த கட்டை 'பொத்'துன்னு முழுங்கிக்கும், அதுல அடிச்ச ஆணிய விரலாலயே புடுங்கலாம், நான் புடுங்கியிருக்கேன். ஜல்லி மண்ணோட கலந்து கெட்டியாகி தண்ணி இறங்காது. கல்வெர்ட் (கரைக்கு அடில தண்ணி போற குழாய்) அடைச்சுக்கும், மழை பேஞ்சா தண்ணி கரைய முட்டிக்கிட்டு நிக்கும். நான் இருந்த பாதைல ஒரு வெள்ளத்துக்கு அடுத்த நாள் காலைல போய்ப் பார்த்தா பாலம் கல்லு மாதிரி அப்படியே நிக்குது, அந்தப் பக்கம் பாதைய பாலத்துல ஏத்தி விடற மண் கரை இருந்த இடத்துல ஒன்னுமே இல்ல, தண்டவாளம் ரெண்டும் ஸ்லீப்பரை மாட்டிக்கிட்டு கொடில காயப்போட்ட துணி மாதிரி அந்தரத்துல தொங்குது, கீழ ஒருத்தர் சாவகாசமா மீன் பிடிச்சிட்டிருக்கார். பாலத்துக்கு டிசைன் பண்ணவங்க தண்ணி வந்து போக கண்ணு பத்தலைங்கறதை விட்டுட்டாங்க, ஆறு தனக்கு வேண்டிய கண்ணை கரைலயே தோண்டிக்கிச்சு.

உங்க ஊர் பாதைலயும் நடந்தது இதே சங்கதிதான். 1997 வெள்ளத்துல சிரோமோவுல ஷிரே ஆத்தைத் தாண்டற ரயில் வழி அடிச்சிட்டுப் போச்சு, அதோட தெற்கு மலாவிக்கும் பிளான்டயருக்கும் ரயில் தொடர்பு அறுந்துச்சு. 2019ல இடாய், 2023ல ஃபிரெட்டின்னு ரெண்டு புயல் அதே ஷிரே பள்ளத்தாக்கைத்தான் புரட்டிப் போட்டுச்சு. அதனால மார்கா – பங்குலா 72 கிமீ போடறாங்கன்னா தண்டவாளம் மீட்டருக்கு எத்தனை கிலோன்னு கேக்காதீங்க, கரை எவ்வளவு ஒசரம், கல்வெர்ட் எத்தனைன்னு கேளுங்க.

இன்னொன்னு, மேப்பை எடுத்து பங்குலா எங்க இருக்குன்னு பாருங்க. ஷிரே ஆத்துக்கு எல்லைப் பக்கம், பள்ளத்தாக்குல. பிளான்டயர் கடல் மட்டத்துலருந்து ஆயிரம் மீட்டர் மேல. நடுவுல அந்த சிரோமோ ஆத்து இடமும், அப்புறம் மலை ஏத்தமும். பங்குலா வரைக்கும் பாதை வந்துட்டா கூட அதுக்கு மேல லிம்பே வரைக்கும் முழுசா சேராத வரை உங்க உரத்தை பங்குலால இறக்கி, ஷெட்ல அடுக்கி, திரும்ப லாரில ஏத்தணும். மூட்டைச் சரக்கை ஒரு தடவை கூடுதலா இறக்கி ஏத்தறதுக்கு ஆகற கூலி, கிழியற மூட்டை, நனையற மூட்டை, 'காணாமப் போற' மூட்டை எல்லாம் சேத்தா ரயில்ல மிச்சம் பிடிச்சதுல பெரும் பங்கு அங்கயே போயிடும். குட்ஸ்ல சரக்கு கையாண்ட யாரை கேட்டாலும் இதையேதான் சொல்வாங்க, ரயில் லாபம் தூரத்துல, நஷ்டம் ரெண்டு முனைல.

இப்ப "அப்புறம் என்ன தடை"க்கு வர்றேன். ஒரு கணக்கு போடுவோம், நம்பர் நான் கைக்கு எடுத்துக்கிட்டது, புரியறதுக்காக. பாதை சுமார் 600 கிமீ. வண்டி 20 கிமீ வேகத்துல போனா ஓட்ட நேரம் 30 மணி. கோடிக் கணக்குல கொட்டி 40 கிமீ ஆக்கினா 15 மணி. மிச்சம் 15 மணி நேரம். இப்ப எல்லைல அந்த ரேக் (ஒரு வண்டியோட மொத்த வேகன் வரிசை) மூணு நாள் நின்னா? 72 மணி. வேகத்துக்கு கொட்டின காசு மொத்தமும் ஒரு ஸ்டேஷன் லூப் லைன்ல (வண்டி ஒதுங்கி நிக்கற பக்கத் தடம்) படுத்துடுச்சு. இதை வேகன் கணக்குல பாருங்க. 200 வேகன், ஒவ்வொன்னும் 40 டன். ஒரு வேகன் சரக்கு ஏத்தி, போய், இறக்கி, திரும்பி வந்து மறுபடி ஏத்த நிக்கறதுக்கு பத்து நாள்னா வருஷத்துக்கு 36 நடை, மொத்தம் 2,88,000 டன். அதுவே இருபது நாள் ஆனா 18 நடை, 1,44,000 டன். பாதை அதே, இன்ஜின் அதே, சரக்கு பாதி. டர்ன்-ரவுண்டுன்னு ஆபரேட்டிங் ஆளுங்க உயிரை விடறது இதுக்குத்தான். வேகன் வாங்கின கடன் வட்டியும் அதே, அதனால டன்னுக்கு செலவு ஏறி, கடைசில உங்க வாடகை பில்லுல வந்து உக்காரும்.

எல்லைல ஏன் நிக்குதுன்னா ஒரு பெரிய காரணம் இருக்காது, அஞ்சாறு சின்னது இருக்கும். அந்த நாட்டு இன்ஜின் இந்த நாட்டுக்குள்ள வராது, இன்ஜின் மாத்தணும், மாத்தற இன்ஜின் வேற எங்கயோ இருக்கும். டிரைவருக்கு அந்தப் பக்க பாதை பழக்கம் கிடையாது. ஒரு நாட்டு வேகன் இன்னொரு நாட்டுல நிக்கற ஒவ்வொரு நாளைக்கும் வாடகை யாரு யாருக்கு தரணும்னு தகராறு, அதனால வேகனை உள்ள விடவே யோசிப்பாங்க. பிரேக் சோதனை ரெண்டு தடவை. அப்புறம் காகிதம். நான் நேர்ல பார்த்தது ஒன்னு சொல்றேன், ஊர் பேர் வேண்டாம். ஒரு வேகன் நம்பர்ல கடைசி எண் 3, பெயிண்ட் உரிஞ்சு பாத்தா 8 மாதிரியும் இருக்கும். இந்தப் பக்கம் ஒருத்தர் பென்சில்ல நோட்ல எழுதினது 3, அந்தப் பக்கம் சீல் போடறவர் படிச்சது 8. பட்டியல்ல 8 இல்ல. ஒரு வேகனுக்காக மொத்த ரேக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துலருந்து திங்கக்கிழமை மத்தியானம் வரைக்கும் நின்னுச்சு, ஏன்னா திருத்தக் கையெழுத்து போட வேண்டியவர் சனி ஞாயிறு வரமாட்டார். லாரிக்காரன்னா இறங்கிப் போய் பேசி, கெஞ்சி, எதையாவது பண்ணி அன்னிக்கே நகந்திருப்பான். 40 வேகனுக்காக இறங்கிப் போய் பேச ஆளே இல்ல, அது யாரோட சரக்குங்கறதே அங்க நிக்கறவங்களுக்குத் தெரியாது.

இது ஆப்பிரிக்கா வியாதின்னு நெனச்சுடாதீங்க, நம்ம வாசல்லயே இருக்கு. நேபாளத்துல பீர்கஞ்ச்ல உலக வங்கி பணத்துல உலர் துறைமுகம் (கடல் இல்லாத இடத்துல சரக்கு கையாள்ற முனையம்) கட்டினாங்க, பீகார் ரக்சௌல்லருந்து அஞ்சு கிமீ சொச்சம் லைன். 2000 வாக்குல கட்டடம் எல்லாம் தயார். ஆனா இந்தியா – நேபாளம் ரயில் சேவை ஒப்பந்தம் 2004ல தான் கையெழுத்தாச்சு, அது வரைக்கும் சும்மா கிடந்துச்சு. அதே நேபாளத்துக்கு பீகார் ஜெய்நகர்லருந்து குர்தா வரைக்கும் 35 கிமீ, பழைய குறுகல் பாதைய பிராட் கேஜ் ஆக்கினது, பயணிகள் வண்டிதான் ஆனா பாடம் ஒன்னே. ரெண்டு டெமு செட்டை (டீசல் பயணிகள் வண்டி) 2020 செப்டம்பர்ல வாங்கி ஊருக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, ஓட ஆரம்பிச்சது 2022 ஏப்ரல்ல. நடுவுல சட்டம் இல்ல, ஆள் இல்ல, ஒன்றரை வருஷம் புது வண்டி தார்ப்பாய் போத்திக்கிட்டு நின்னுச்சு.

அங்கோலா கதை இன்னும் பெருசு. லொபிட்டோ துறைமுகத்துலருந்து காங்கோ எல்லை லுவாவ் வரைக்கும் 1,300 கிமீ பெங்குவேலா பாதை, போர்ல நாசமானதை சைனாக்காரங்க திரும்பக் கட்டி 2015ல திறந்து வச்சாங்க. பளபளன்னு இருந்துச்சு. ஆனா எல்லைக்கு அந்தப் பக்கம் காங்கோ பாதை பழைய நிலமைலயே கிடந்துச்சு. காங்கோ டெங்கேலருந்து மாங்கனீசு ஏத்தின முதல் வண்டி லொபிட்டோ வந்து சேர்ந்தது 2018 மார்ச்ல. பாதி வரைக்கும் ராஜபாட்டை, மீதி ஒத்தையடிப் பாதைன்னா சரக்கு ஒத்தையடிப் பாதை வேகத்துலதான் வரும்.

இதுக்கு நேர்மாறா நல்லபடியா நடந்த ஒன்னையும் சொல்லணும், இல்லன்னா நான் அழுமூஞ்சின்னு நெனப்பீங்க. 2022ல உக்ரைனோட பெரிய கருங்கடல் துறைமுகம் எல்லாம் அடைஞ்சு கிடந்தப்ப, மால்டோவா எல்லைல பெரெசினே – பசராபியாஸ்கா நடுவுல இருபது வருஷத்துக்கு மேல கிடந்த 22 கிமீ பாதைய சில மாசத்துல போட்டு ஓட்டிட்டாங்க. அதே மாதிரி மண்ணு, அதே மாதிரி ஜல்லி. வித்தியாசம் என்னன்னா, அன்னிக்கு அந்தப் பாதை யாரு நிலத்துல இருந்துச்சோ அவங்களுக்கே அது உயிர் போற தேவை.

அப்புறம் திரும்பற சரக்கு. மலாவிக்குள்ள வர்றது உரம், எரிபொருள்னு கனமான சரக்கு, வெளிய போறது புகையிலை, தேயிலை, சர்க்கரை. எடைல வர்றதுதான் அதிகம், அதோட ரெண்டும் ஒரே மாசத்துல வர்றதில்ல. நவம்பர் மழைக்கு முன்னாடி உரம் வந்தாகணும், புகையிலை அதுக்கு முன்னாடியே போக ஆரம்பிச்சுடும். அதனால பல வேகன் ஒரு பக்கம் காலியாப் போகும், காலிக்கான காசும் உங்க தலைலதான். நகாலா பக்கம் இதை வேற மாதிரி தீர்த்திருக்காங்க, மொவாட்டிஸே நிலக்கரி மலாவி வழியா நகாலா போறதுக்கு 912 கிமீ காரிடார், அதுல மலாவிக்குள்ள 137 கிமீ புத்தம் புதுப் பாதை. நிலக்கரி பாதைச் செலவைத் தாங்குது, உங்க சரக்கு அந்த நிழல்ல ஓடுது. நல்லதுதான், ஆனா பாதை நெரிசலானா முதல்ல லூப்ல ஒதுங்கறது யாரோட வண்டின்னு நான் சொல்லத் தேவையில்ல. நிலக்கரி விலை விழுந்தா அந்த நிழல் எவ்வளவு நாள் இருக்கும்னு உறுதியா யாராலயும் சொல்ல முடியாது, இது நிஜமாவே சந்தேகமான இடம்.

பராமரிப்பை விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு தஜாரா இருக்கு. தார் எஸ் சலாம்லருந்து ஜாம்பியா கபிரி முபோஷி வரைக்கும் 1,860 கிமீ, 1970ல ஆரம்பிச்சு 1975ல முடிச்சது, வருஷத்துக்கு 20 லட்சம் டன்னுக்கு டிசைன். 2014-15ல தூக்கினது வெறும் 88,000 டன். இந்த வீழ்ச்சிக்கு குண்டு காரணமில்ல. இன்ஜின் ரிப்பேருக்கு காசு இல்ல, சம்பளம் பாக்கி, ஸ்பீடு குறைக்கற காஷன் ஆர்டர் ஒன்னொன்னா ஏறிக்கிட்டே போச்சு, சரக்குக்காரன் லாரிக்குப் போனான், வருமானம் இன்னும் விழுந்துச்சு. 2025ல சைனா கம்பெனிக்கு 30 வருஷ கன்செஷன் (பாதைய எடுத்து ஓட்டற உரிமை), 140 கோடி டாலர்னு இப்ப திரும்ப ஆரம்பிக்கறாங்க. கன்செஷன் கொடுத்தா எல்லாம் சரியாயிடுமான்னா, சேனா பாதையே 2004ல இந்திய கம்பெனிகள் இருந்த கூட்டுக்குக் கொடுத்து, அப்புறம் மொசாம்பிக் அரசாங்கம் திரும்ப வாங்கிக்கிச்சு. யாரு ஓட்டறாங்கங்கறதை விட, ஏழாவது வருஷம் ஜல்லி போட காசு எந்தக் கணக்குலருந்து வரும்னு ஒப்பந்தத்துல எழுதியிருக்கான்னு பாக்கணும், என் அனுபவம் அவ்வளவுதான்.

உங்க விஷயத்துக்கு வர்றேன். நிச்சயமா சொல்லக்கூடியது: நீண்ட தூரம், கனமான, அவசரமில்லாத மொத்தச் சரக்குக்கு ரயில்தான் மலிவு, உரம் அதுக்கு நல்ல உதாரணம். பெய்ரா நகாலாவை விட உங்களுக்குக் கிட்ட, ஆனா ஆத்து வண்டல் சேந்துக்கிட்டே இருக்கற துறைமுகம், தூர் வாரிட்டே இருக்கணும், நகாலா இயற்கையாவே ஆழம். இதெல்லாம் மாறாது. சந்தேகமானது: வாடகை பாதியாகும்ங்கறது. திட்ட அறிக்கைல வர்ற சரக்கு மதிப்பீடு எதையும் நான் அப்படியே நம்பறதில்ல, பாதை போட பணம் வாங்கறதுக்காக எழுதினது அது. என் கணிப்பு, பங்குலால மாத்தி ஏத்தற வரைக்கும் குறைஞ்சாலும் கொஞ்சமாத்தான் குறையும், ரயில் வந்ததும் லாரிக்காரங்களே ரேட்டை இறக்குவாங்க, அதுதான் உங்களுக்கு முதல் வருஷ லாபமா இருக்கும். இது கணிப்புதான், தப்பாகலாம்.

அடுத்த சீசனுக்கு முழுசா ரயிலை நம்பாதீங்க. 25,000 டன் கப்பல் ஒன்னு வந்தா 40 வேகன் வண்டிக்கு 16 நடை வேணும், அதுல ரெண்டு ரேக் எல்லைல மாட்டினாலே துறைமுகத்துல டெமரேஜ் (தாமத அபராதம்) ஓட ஆரம்பிச்சுடும். அஞ்சுல ஒரு பங்கு சரக்கை, அதுவும் சீசனுக்கு ரொம்ப முன்னாடியே, ஜூன் ஜூலைல, ரயில்ல அனுப்பிப் பாருங்க. உங்க ஆள் ஒருத்தரை மார்கால உக்கார வைங்க, பெரிய படிப்பு வேண்டாம், போனும் நோட்டும் போதும். ஒவ்வொரு ரேக்கும் எத்தனை மணிக்கு வந்துச்சு, எத்தனை மணிக்கு நகந்துச்சு, ஏன் நின்னுச்சுன்னு எழுதட்டும். வேகன் நம்பரை ஏத்தற இடத்துலயே போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிடுங்க, அந்த 3ஆ 8ஆ தகராறுக்கு அது போதும். பத்து ரேக் கணக்கு கையில வந்ததும் இங்கயே போடுங்க, மிச்சத்தை அதை வச்சுப் பேசுவோம்.